தொண்டியின் படகு

மே 5, திங்கள்

காலையிலிருந்து கலர் பிரிண்டர் மக்கர். கல்யாணப் பத்திரிகையில் மாப்பிள்ளை முகம் பச்சையாக வந்தது. பெண் வீட்டார் அதைப் பார்த்துவிட்டு ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டார்கள். சிரிப்பை அடக்க நான் பட்ட பாடு எனக்குத்தான் தெரியும்.

மதியம் தூத்துக்குடியிலிருந்து இருதயராஜ் அண்ணன் அழைத்தார். எங்கள் 'ஏழு துறை' விளையாட்டுக்கு அவர்தான் நடுவர். ஏழு பேர், ஏழு துறைமுகம். யார் எந்தத் துறை என்று அவரைத் தவிர யாருக்கும் தெரியாது. செவ்வாயும் வெள்ளியும் மாலை ஆறு மணிக்குள் அவரவர் கப்பல்களுக்கு உத்தரவு எழுதி அனுப்ப வேண்டும். ஆறு மணிக்கு எல்லாம் ஒரே மூச்சில் நகரும். அந்த வரைபடத்தை இணையத்தில் யார் வேண்டுமானாலும் பார்க்கலாம்.

"தங்கச்சி, தொண்டிக்கு ஆள் இல்லாமப் போச்சு. நீதான் வந்து உக்காரணும்."

ஒருவர் பாதியில் விட்ட இடத்தில் போய் உட்காருவதில் நான் கெட்டிக்காரி. கோவில்பட்டியில் ஜெராக்ஸ் கடை வைத்திருப்பவள் என்று நினைத்து யாரும் இளப்பமாகப் பேச முடியாது. மாற்று ஆள் எப்படி நடந்துகொள்ள வேண்டும் என்று விதிப் பக்கத்தில் எழுதியதே நான்தான். போனவர் ஏன் போனார் என்று கேட்கக் கூடாது. அவர் யாருக்கு என்ன வாக்குக் கொடுத்தாரோ அதைக் காப்பாற்ற வேண்டும். அவர் பேசாதவர் என்றால் நாமும் பேசக் கூடாது. எல்லாவற்றுக்கும் மேலாக, கை மாறியது மூன்று சுற்றுக்கு வெளியே தெரியக் கூடாது. தெரிந்தால் பக்கத்துத் துறைக்காரர்கள் புது ஆளை மென்று துப்பிவிடுவார்கள். அடுத்தவள் அடுக்களையில் சமைக்கப் போனால் உப்பு டப்பாவை இடம் மாற்றக் கூடாது. அவ்வளவுதான் விஷயம்.

பழைய கடிதப் போக்குவரத்தை வழக்கம்போல் அண்ணன் அழித்துவிட்டார். பழைய உத்தரவுகள் மட்டும் என் கைக்கு வந்தன.

"போனவங்க ஒண்ணே ஒண்ணு கேட்டுக்கிட்டாங்க" என்றார். "சின்னப் படகு ஒண்ணு இருக்கு பாரு. ஒரு சுற்றுக்கு வெள்ளைத்தீவுக்குப் போகும், மறு சுற்றுக்குத் திரும்பி வரும். அது மட்டும் நிக்கக் கூடாதாம்."

"அந்தத் தீவுல என்னண்ணே இருக்கு?"

"ஒண்ணுமில்ல, மணல்தான்."

விட்டுப் போகிறவருக்கு இவ்வளவு அக்கறையா என்று எனக்குச் சந்தோஷமாக இருந்தது. மரியாதை தெரிந்த மனுஷர்.

பொன்ராஜ் சாப்பிட உட்காரும்போது, "ஒனக்குன்னு சொந்தமா ஒரு ராச்சியம் கெடையாதா? எப்பப் பாத்தாலும் எவனோ விட்டுட்டுப் போனதையே புடிச்சிக்கிட்டு அலையுத" என்றார்.

"ஒங்கம்மா விட்ட எடத்துல இருந்து ஒங்களயும் நாந்தான ஓட்டிக்கிட்டு இருக்கேன்" என்றேன்.

மே 6, செவ்வாய்

முதல் சுற்று. தொண்டியை ஆண்டவர் நல்ல ஆட்டக்காரர். கப்பல்களை நிறுத்தியிருக்கும் அழகைப் பார்த்தாலே தெரிகிறது. இந்த ஒரு படகுதான் புரியவில்லை. உருப்படியாக ஒரு காவல் வேலைக்கு வைத்திருக்கலாம். இருந்தாலும் அனுப்பினேன்.

ஆறு மணி ஆன கையோடு புகார்த் துறையிலிருந்து ஒரு செய்தி வந்தது. 'பாத்துட்டேன்.' அவ்வளவுதான். கேள்வியும் இல்லை, பேரமும் இல்லை.

புகாரும் தொண்டியும் கூட்டாளிகள் போலிருக்கிறது. ஆனால் ஒன்றைக் கவனித்தேன். புகாரின் கடல் வாசல் தொண்டிப் பக்கமாகத் திறந்தே கிடக்கிறது, ஒரு கப்பல்கூடக் காவல் இல்லை. இப்படி நம்புகிறவர்களும் இருக்கிறார்கள். மூன்று சுற்று முடியட்டும்.

மே 8, வியாழன்

பத்தாம் வகுப்பு ரிசல்ட் வரப்போகிறது என்று கடையில் இப்போதே கூட்டம். ரிசல்ட் வந்தபின் வாருங்கள் என்றால் கேட்கவா செய்கிறார்கள்? வாசலில் நின்று பார்த்துவிட்டுப் போகிறார்கள்.

புகாரிலிருந்து செய்தி:

'சுகி, உன் போன் ஸ்விட்ச் ஆஃப்னே வருது. அவர் வீட்லதான் இருக்காரா? நீ பதில் எதுவும் போட வேணாம். படகு போனா போதும்.'

இந்த வித்தையெல்லாம் நான் பார்த்தாயிற்று. இரண்டு வருஷத்துக்கு முன் முசிறிக்காரர் ஒருவர், தகப்பனார் தவறிவிட்டார், இரண்டு சுற்றுக்குப் போர் வேண்டாம் என்று எழுதினார். பாவமே என்று விட்டேன். அந்தத் தகப்பனார் வேறொரு ஆட்டத்தில் கொற்கையை ஆண்டுகொண்டிருந்தது பிறகுதான் தெரிந்தது. ஏதோ ஒரு பெயரைச் சொல்லிக் கூப்பிட்டு, உள்ளே இருப்பது யார் என்று ஆழம் பார்க்கிறார்கள். நான் வாயே திறக்கவில்லை.

மே 9, வெள்ளி

இரண்டாம் சுற்று. படகு தொண்டிக்குத் திரும்பியது.

'பாத்துட்டேன். இப்பதான் மூச்சே வந்துச்சு' என்று புகார்.

கடை அடைக்கும் நேரத்தில் இருதயராஜ் அண்ணன் அழைத்தார். "படகு ஒழுங்காப் போகுதான்னு பழைய ஆள்கிட்ட இருந்து போன் வந்துச்சு. போகுதுன்னு சொன்னேன். ரொம்ப சந்தோசம்."

இதுவரை எத்தனையோ பேர் விட்ட இடத்தில் உட்கார்ந்திருக்கிறேன். ஒருவரும் திரும்பிப் பார்த்ததில்லை. இவர் இரண்டாவது சுற்றிலேயே விசாரிக்கிறார். என் ஆட்டத்தை ஒருவர் கவனிக்கிறார் என்பதில் ஒரு பெருமை, பொய் சொல்வானேன்.

மே 10, சனி

பிரிண்டருக்கு ஆள் வந்து பார்த்தான். மாப்பிள்ளை முகம் இப்போது சிவப்பு.

மே 11, ஞாயிறு

புகார் இன்று நீளமாக எழுதியிருக்கிறார். அப்படியே இங்கே எழுதி வைக்கிறேன்.

'சுகி, இன்னிக்கு அம்மா வீட்டுக்கு வர்றேன்னு சொல்லியிருந்தியாமே. அம்மா பஸ் ஸ்டாண்டுலயே நின்னுட்டு, அழுதுக்கிட்டே எனக்குப் போன் பண்ணாங்க. அவர்கிட்ட கேட்டதுக்கு நீ தூங்கறேன்னு சொன்னாராம். எப்ப கேட்டாலும் தூங்கறியாம். நான் உடனே கிளம்பிடலாம்னுதான் நினைச்சேன். ஆனா வெள்ளிக்கிழமை படகு வந்துச்சே. போன தடவை நான் அவசரப்பட்டு வந்து நின்னதுக்கு, நான் போனப்புறம் நீ வாங்கினது எனக்குத் தெரியும். படகு நின்னா மட்டும் வா, ஓடிக்கிட்டு இருந்தா வந்துடாதேன்னு நீதான் சொன்னே. நாளன்னிக்கு படகைப் பாத்துட்டு முடிவு பண்றேன்.'

இரண்டு முறை படித்தேன். நன்றாக எழுதுகிறார். இப்படிக் கதை விடத் தெரிந்தவர் ஆட்டத்தில் ஏன் வாசலைத் திறந்து போட்டிருக்கிறார் என்பதுதான் தெரியவில்லை.

கறிக்குழம்பில் இரண்டு தரம் உப்புப் போட்டிருக்கிறேன். பொன்ராஜ் ஒன்றும் சொல்லாமல் மோர் ஊற்றிச் சாப்பிட்டார்.

மே 12, திங்கள்

நாளைய உத்தரவுகளை எழுதி வைத்தேன். மூன்றாம் சுற்றில் இரண்டு பெரிய கப்பல்களை மெதுவாகக் கிழக்கே நகர்த்தினால், நாலாவதில் கை மாறியதை ஆட்டக்காரர்கள் சபையில் சொல்லிக்கொண்டே புகாருக்குள் நுழைந்துவிடலாம். முறைப்படி அதில் குற்றமே இல்லை. மூன்று சுற்று வாக்கைக் காப்பாற்றினால் போதும் என்பதுதான் வழக்கம். ஜெயித்தால் இந்த வருஷக் கோப்பை எனக்கு.

அண்ணனிடம் ஒரு வார்த்தை கேட்கலாமா என்று போனை எடுத்து எடுத்து வைத்தேன். போனவரைப் பற்றிக் கேட்கக் கூடாது என்று எழுதியவளே நான். நானே மீறினால் நாளைக்கு எவன் மதிப்பான்?

"என்ன, மொகம் ஒரு மாதிரியா இருக்கு?" என்றார் பொன்ராஜ். புகாரின் செய்தியை அவரிடம் காட்டினேன். கண்ணாடியைப் போட்டுக்கொண்டு எழுத்துக் கூட்டுவதுபோல மெதுவாகப் படித்தார்.

"ஏட்டி, இது வெளையாட்டு மாதிரித் தெரியலையே."

"ஒங்களுக்கு இதப்பத்தி என்ன தெரியும்? இப்படித்தான் எழுதுவாங்க. நாம எரக்கப்பட்டா முடிஞ்சுது."

"எனக்கு ஒண்ணும் தெரியாதுதான். ஆனா படகு ஓடுதுன்னு அந்தப் பிள்ளை நம்பிக்கிட்டு இருக்கு. ஓட்டுதது நீதான?"

அதைச் சொல்லிவிட்டுக் கண்ணாடியைக் கழற்றிப் பையில் வைத்துக்கொண்டார். இந்த மனுஷரிடம் காட்டியது என் தப்பு.

மே 13, செவ்வாய்

கடையைத் திறக்கவில்லை. நடந்ததை நடந்தபடி எழுதிவிடுகிறேன்.

காலையில் முதல் வேலையாக அண்ணனை அழைத்தேன்.

"அண்ணே, நான் கேக்கக் கூடாது. கேக்கேன். தொண்டில இருந்தது ஆணா பொண்ணா?"

"பொம்பளப்பிள்ளதான். சேரும்போது எங்கிட்ட பேசுச்சு. ஓசூர்ப் பக்கம் இருக்கேன்னு சொல்லுச்சு. ஏம்மா?"

"விலகுறேன்னு சொன்னதும் அவங்களேதானா?"

"இல்ல. அவ வீட்டுக்காரரு. உடம்பு சரியில்ல, அவளால முடியாது, வேற ஆளைப் போடுங்கன்னாரு. தன்மையான மனுசன். வார்த்தைக்கு வார்த்தை சார் போட்டுத்தான் பேசுவாரு."

"படகு நிக்கக் கூடாதுன்னு சொன்னது?"

"அவருதான்."

"போகுதான்னு வெள்ளிக்கெழம கேட்டது?"

"அவருதாம்மா."

"விளையாடாத மனுசனுக்குப் படகைப் பத்தி எப்படிண்ணே தெரியும்?"

அண்ணன் குரல் இறங்கிப்போய், "கை மாறுனத மூணு சுற்றுக்கு வெளிய சொல்ல மாட்டீங்கள்ல சார்னு கேட்டாரு. ஒங்க விதிப் பக்கத்துலயே இருக்கே, படிச்சேன், ரொம்ப நல்ல வழக்கம்னாரு. நானும் பெருமையா, எங்க தங்கச்சி எழுதுனதுன்னு சொன்னேன்" என்றார்.

நான் எழுதியதை வரி வரியாகப் படித்து, அதற்குள்ளேயே வசதியாக உட்கார்ந்துகொண்டிருக்கிறான் அவன். ஒரு பெண், தான் நன்றாக இருக்கிறேன் என்று தோழிக்குச் சொல்வதற்கு ஒரு படகை வைத்திருந்தாள். அவளை என்னவோ செய்துவிட்டு, அந்தப் படகை ஓட்ட ஆள் தேடியிருக்கிறான். நான் ஓட்டியிருக்கிறேன். மரியாதையாக, ஒரு சுற்றுக்கூடத் தவறாமல்.

புகாருக்கு எழுதினேன். 'நான் சுகி இல்லை. என் பெயர் தமயந்தி. தொண்டியை அவருக்குப் பதிலாக நான் ஆடுகிறேன். படகை அனுப்பியது நான். அவர் வீட்டுக்காரர்தான் நடுவரிடம் சொல்லி என்னை உட்கார வைத்திருக்கிறார்.' கீழே என் போன் எண்ணைப் போட்டேன்.

உடனே ஒரே ஒரு வார்த்தை வந்தது. 'எப்போலேர்ந்து?'

'போன செவ்வாயிலிருந்து' என்று எழுதினேன்.

பிறகு போன் அடித்தது. ஒரு பெண். திட்டுவாள் என்று நினைத்தேன், திட்டியிருந்தால் தேவலை. பெயர் ரஹ்மத்நிஷா, கும்பகோணம், சுகிர்தாவும் அவளும் காலேஜ் ஹாஸ்டலில் ஒரே அறை. இதையெல்லாம் மூச்சு விடாமல் சொன்னாள். "அவ போன்ல நம்பர்லாம் அவன் பாப்பான். இந்த விளையாட்டை மட்டும் சின்னப்பிள்ளைத்தனம்னு விட்டு வச்சிருந்தான். அதான் நாங்க படகுன்னு வச்சுக்கிட்டோம்."

"இன்னிக்குப் படகை நிறுத்திருதேம்மா."

"ஐயோ, வேணாம்க்கா! அவன் பாத்துட்டே இருப்பான். நின்னுச்சுன்னா எனக்குத் தெரிஞ்சுடுச்சுன்னு ஆயிடும். அப்புறம் அவளை என்ன பண்ணுவான், எங்க கொண்டு போவான்னு தெரியாது. நான் அவ அம்மாவையும் கூட்டிக்கிட்டு ஸ்டேஷன்ல சொல்லிட்டு நேரா ஓசூர் போறேன். நாங்க போய்ச் சேர்ற வரைக்கும் நீங்க ஓட்டிக்கிட்டே இருங்கக்கா."

ஆறு மணிக்கு என் கையாலேயே, தெரிந்தே, படகை வெள்ளைத்தீவுக்கு அனுப்பினேன். பெரிய கப்பல்கள் இரண்டையும் இருந்த இடத்திலேயே நிறுத்தினேன். காரிலிருந்து ரஹ்மத்நிஷா வழக்கம்போல் 'பாத்துட்டேன்' என்று போட்டாள்.

கொஞ்ச நேரத்தில் இருதயராஜ் அண்ணன் அழைத்தார். "அவன் போன் பண்ணினாம்மா. நல்லா நடத்துறீங்க சார், அந்தப் புது ஆளுக்கும் என் நன்றியைச் சொல்லிடுங்கன்னான்."

எனக்குப் பயமாக இருக்கிறது. பொன்ராஜ் என் பக்கத்திலேயே உட்கார்ந்திருக்கிறார்.

மே 14, புதன்

போன் வரவில்லை. கடையைத் திறந்தேன். யாருக்கு எதை நகல் எடுத்துக் கொடுத்தேன் என்று தெரியவில்லை.

மே 15, வியாழன்

உயிர் இருக்கிறது.

ரஹ்மத்நிஷா ஆஸ்பத்திரியிலிருந்து பேசினாள். சுகிர்தாவைப் பின்கட்டு அறையில் பூட்டி வைத்திருந்தானாம். காலில் எலும்பு முறிந்து, வைத்தியமே இல்லாமல் கிடந்திருக்கிறாள். போலீஸ் கதவைத் தட்டியபோது அவன்தான் வந்து திறந்து, "வாங்க சார், உக்காருங்க" என்றானாம். இப்போது காவலில் இருக்கிறான். முறிந்த காலை ஒரு வாரம் முன்னால் பார்த்திருந்தால் இவ்வளவு மோசமாகியிருக்காது என்று டாக்டர் சொல்கிறார். ஒரு வாரம் என்று சொல்லும்போது ரஹ்மத்நிஷாவின் குரல் மாறவில்லை. என்னைக் குத்திச் சொல்லவில்லை. நான்தான் குத்துப்பட்டேன்.

அவளே தொடர்ந்தாள். "போனைப் புடுங்கி எல்லாத்தையும் படிச்சிருக்கான்க்கா. படகைக் கண்டுபுடிச்சுட்டான். அப்பவே போன் லாக் ஆயிடுச்சு. பாஸ்வேர்டைக் கேட்டு அடிச்சிருக்கான். கடைசி வரைக்கும் அவ சொல்லவேயில்ல. படகு நின்னுடும், நான் வந்துடுவேன்னு அந்த நம்பிக்கையிலேயே இருந்திருக்கா."

போனை மறு காதுக்கு மாற்றிக்கொண்டேன்.

"அதனாலதான் நடுவரைப் புடிச்சிருக்கான். ஒவ்வொரு தடவையும் ஆறு மணிக்கு அவன் போன்ல வரைபடத்தைத் திறந்து அவகிட்ட கொண்டு போய்க் காட்டியிருக்கான். பாரு, உன் படகு போயிடுச்சு, ஒருத்தியும் வரமாட்டான்னு. முதல் தடவை அவ நம்பலையாம். ரெண்டாவது தடவை அழுதாளாம். மூணாவது தடவை…" அறையை விட்டு வெளியே வந்து தொடர்ந்தாள். "செவ்வாய்க்கிழமை காட்டினதுக்கப்புறம் தண்ணி குடிக்கறதையும் விட்டுட்டாக்கா."

செவ்வாய்க்கிழமைப் படகு. அது அவளைக் காப்பாற்றப் போன படகு. அது அவளுக்கு எப்படித் தெரியும்?

போனை வைத்துவிட்டு அடுக்களையில் நின்று அழுதேன். பொன்ராஜ் வந்து அடுப்பை அணைத்தார். பால் பொங்கி வழிந்தது எனக்குத் தெரியவே இல்லை.

மே 16, வெள்ளி

நாலாம் சுற்று. தொண்டி கை மாறியதைச் சபையில் சொல்ல வேண்டிய நாள். ஒன்றும் சொல்லவில்லை, உத்தரவும் அனுப்பவில்லை. புகாரின் வாசல் அப்படியே திறந்து கிடந்தது. படகு தீவில் நிற்கிறது.

மாற்று ஆளுக்கான பக்கத்தை எடுத்துவிடச் சொன்னேன்.

"ஓம் மேல என்ன தப்பு தங்கச்சி? வழக்கப்படிதான செஞ்ச" என்றார் இருதயராஜ் அண்ணன்.

"அதாண்ணே தப்பு" என்றேன்.

மே 18, ஞாயிறு

ரஹ்மத்நிஷா சுகிர்தாவின் அம்மா போன் எண்ணை அனுப்பியிருக்கிறாள். 'யார் ஓட்டினதுன்னு சுகி கேட்டுக்கிட்டே இருக்கா. நான் சொல்லலக்கா. நீங்களே சொல்றதுன்னா சொல்லுங்க. இல்லேன்னாலும் நான் எதுவும் நினைக்க மாட்டேன்.'

சொல்லாமலே இருந்துவிடலாம் என்றுதான் முதலில் நினைத்தேன். சொல்லாமல் இருப்பதில்தான் நான் கெட்டிக்காரி ஆயிற்றே.

மே 20, செவ்வாய்

இன்று கூப்பிட்டேன். நேற்று இரண்டு தரம் எண்களை அழுத்திவிட்டு வைத்துவிட்டேன். இன்று பொன்ராஜ் கடையைப் பார்த்துக்கொள்கிறேன் என்று சொல்லி என்னை வீட்டுக்கு அனுப்பினார்.

அவள் அம்மா எடுத்தார். சுகிர்தாவிடம் கொடுங்கள் என்றேன். போன் கை மாறும் சத்தம் கேட்டது. பிறகு மூச்சு மட்டும் கேட்டது.

என்ன பேச வேண்டும் என்று ஒரு தாளில் எழுதி வைத்திருந்தேன். எல்லாம் மறந்துவிட்டது. "நான் தமயந்தி பேசுதேன். கோவில்பட்டி" என்றேன். அதற்குமேல் வரவில்லை.

அங்கே யாரோ கட்டிலை இழுத்தார்கள், ஒரு நர்ஸ் எதையோ சொன்னாள். போனை வைத்துவிடுவாள் என்று நினைத்தேன்.

"நீங்கதான் படகா?" என்று கேட்டாள்.

ஆமாம் என்றேன்.